மூடியிருந்த இடது கை

அடுப்பை அணைக்காமல் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவளுக்கு மனம் எப்படி இருக்கும்? காலை பத்து மணியிலிருந்து ஈசிஜி அக்காவுக்கு அப்படித்தான் இருந்தது. அடுப்பை அணைத்தது நன்றாக நினைவிருந்தது. கதவைப் பூட்டி இழுத்தும் பார்த்தாயிற்று. ஆனாலும் எதையோ எங்கேயோ விட்டுவிட்டோம், அது தன் பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருக்கிறது என்று உள்ளே ஒன்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. வாங்கி வைத்த டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. மேசை இழுப்பறையை இரண்டு முறை திறந்து மூடினாள். என்ன தேடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்தச் சிறிய மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடமாக இதயத்தைப் படம் பிடிப்பவள் அவள். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எழுபது வயதுக்காரருக்கும் அவள் ஈசிஜி அக்காதான். அவள் அறையில் ஒரு கட்டில், ஒரு பச்சைத் திரை, வருகிறவர்கள் கைக்கடிகாரத்தையும் போனையும் சாவியையும் கழற்றி வைக்க ஓர் எவர்சில்வர் தட்டு, தள்ளுவண்டி மேல் இயந்திரம். ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஜெல்லைத் தடவும் முன் உதடு அசையாமல் ஒரு வரி சொல்லிக்கொள்வாள்: ‘கடவுளே, நான் வெளியே இருந்து பார்க்கிறேன், நீ உள்ளே இருந்து பார்த்துக்கொள்.’ அந்த வரியைச் சொல்லாமல் அவள் ஒரு நெஞ்சையும் தொட்டதில்லை.

படம் எடுப்பது அவள் வேலை, படிப்பது டாக்டர் வேலை. அவர் பன்னிரண்டு மணிக்குத்தான் வருவார். இருபத்திரண்டு வருடம் பார்த்த கண் சும்மா இருக்குமா? அலை எங்கே கோணலாக எழுகிறது, எங்கே சோர்ந்து விழுகிறது என்பது அவளுக்கும் ஓரளவு தெரியும். தெரிந்ததை வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அன்று காலை ஒன்பதரைக்கு வேன்காரர் வந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற நாற்பது வயது மனிதர். ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்க உடல்தகுதிச் சான்று வேண்டுமாம். சட்டையைக் கழற்றியதும் நெஞ்சில் அடர்ந்த காடு. ஈசிஜி கம்பியின் ரப்பர்க் குமிழ் ஒட்டவில்லை. அக்கா ரேஸரை எடுத்தாள்.

“அக்கா, ரெண்டு மூணு மரத்தை மட்டும் வெட்டுங்க. மொத்தக் காட்டையும் அழிச்சுட்டு வீட்டுக்குப் போனா, என் சம்சாரம் ‘எவளுக்கு இந்த அலங்காரம்’னு கேப்பா.”

“வாயை மூடிட்டுப் படுங்க தம்பி. நீங்க பேசினா பேச்சும் சேர்ந்து பேப்பர்ல விழும்.”

வாய் மூடியது. ஆனால் இடது கால் கிளட்ச் மிதிப்பது போலத் துள்ளிக்கொண்டே இருந்தது. “காலு?” என்றாள். “அது என் பேச்சைக் கேட்டு பதினஞ்சு வருஷமாச்சுக்கா,” என்றார் அவர். படம் சுமாராக விழுந்தது. கால் ஆடிய நடுக்கம் இரண்டு வரிகளில் தெரிந்தது. மற்றபடி ஒரு குறையும் இல்லாத இதயம். “பன்னிரண்டு மணிக்கு வந்து சர்ட்டிபிகேட் வாங்கிக்கங்க,” என்று அனுப்பினாள்.

அடுத்து ஓர் அம்மாள் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கதவை முழுதாகத் திறக்காமல் பக்கவாட்டில் நுழைந்தார், தன்னால் யாருக்கும் இடம் குறைந்துவிடக்கூடாது என்பது போல. முழங்கை வரை ஈரம் காயாமல் இருந்தது.

“விடியக்காலைல நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருந்துச்சும்மா. ஒரு கால் மணி நேரம். அப்புறம் எழுந்து போயிட்டாங்க.”

“யாரு?”

“உக்காந்தவங்கதான்.” அந்த அம்மாள் சிரித்தார். “இப்ப ஒண்ணுமே இல்ல. சும்மா ஒரு தடவை பாத்துட்டா நிம்மதி. சீக்கிரம் விட்டுடுவீங்களா? வீட்டைப் பூட்டிட்டு வந்திருக்கேன். உள்ள ஐயா இருக்காரு.”

ஐயா என்பது அவர் பார்த்துக்கொள்ளும் படுத்த படுக்கையான பெரியவர். பெரியவரின் மகள் கடல் தாண்டி வேலை பார்க்கிறாள். இந்த அம்மாள் கூடவே தங்கி, குளிப்பாட்டி, ஊட்டி, துவைத்துப் போட்டு, நாலு வருடமாக அவரைக் கவனித்துக்கொள்கிறார்.

போனைத் தட்டில் வைத்துவிட்டுப் படுத்தார். வலது கையில் சிவப்புக் கிளிப் மாட்டியாயிற்று. இடது கையில் மஞ்சள் கிளிப்பை மாட்டும்போதுதான் அது மூடியிருப்பதை அக்கா கவனித்தாள். விரல்களுக்கு நடுவே சாவியின் நுனி.

“அதையும் தட்டுல வச்சிடுங்க. கை இறுக்கமா இருந்தா கோடு நடுங்கும்.”

“கையிலேயே இருக்கட்டும்மா. இதை விட்டா அவரையே விட்ட மாதிரி இருக்கு.”

வேறு நாளாக இருந்தால் அக்கா வற்புறுத்தியிருப்பாள். சட்டம் என்றால் சட்டம். அன்று ஏனோ மனம் வரவில்லை. ‘இருந்துவிட்டுப் போகட்டும், கோடுதானே நடுங்கும், உயிரா நடுங்கப்போகிறது’ என்று விட்டாள். பச்சைக் கிளிப்பைக் காலில் மாட்டினாள். பாதம் பனிக்கட்டியாக இருந்தது. “இருங்க, வரேன்,” என்று பக்கத்து வார்டுக்குப் போய், அங்கிருந்த நர்ஸிடம் மன்றாடி ஒரு போர்வை வாங்கி வந்து, கணுக்கால் வரை சுற்றிவிட்டாள். நடுக்கம் குறையட்டும் என்று பேச்சுக் கொடுத்தாள்.

“எத்தனாவது மாடி?”

“நாலாவது. லிஃப்ட் மூணு மாசமாத் தூங்குது. ஐயாவோட துணியைக் கீழ்க் குழாயில துவைச்சு, வாளியில வச்சு மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போய்க் காயப் போடணும். பள்ளிக்கூடத்துல மத்தியான மணி அடிச்சதும் ஐயாவுக்குப் பசிக்கும். கடிகாரமே வேணாம், அந்த மணிதான் எங்களுக்கு எல்லாம்.”

பேச்சோடு பேச்சாக அக்கா பொத்தானை அழுத்தினாள். காகிதம் ஓடி வந்தது. எதிர்பார்த்தபடி நடுக்கம். ‘இன்னொன்று எடுப்போமா’ என்று கோட்டைப் பார்த்தவளின் கண், நடுக்கத்தைத் தாண்டி நெஞ்சின் இரண்டாவது மூன்றாவது வரிகளில் போய் மாட்டியது. அங்கே ஒரு அலை... அதற்குள் வெளியே “ஐயோ, விழுந்துட்டாங்க!” என்று சத்தம். ரத்தப் பரிசோதனைக்காகப் பட்டினியாக நின்ற ஒரு பெண் வரிசையிலேயே சாய்ந்துவிட்டாள். அக்கா காகிதத்தைக் கோப்புத் தட்டில் போட்டுவிட்டு ஓடினாள். தண்ணீர் தெளித்து, பிஸ்கட் கொடுத்து, அவளை உட்கார வைத்துவிட்டுத் திரும்பும்போது கட்டில் காலி. போர்வை நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. “சாயங்காலம் வந்து ரிப்போர்ட் வாங்கிக்கறேன்னு சொல்லிட்டு ஓடிட்டாங்க,” என்றாள் டோக்கன் கொடுக்கும் பெண்.

அடுப்பு அப்போதுதான் எரியத் தொடங்கியது. அடுத்தடுத்து பன்னிரண்டு பேர். ஒவ்வொரு நெஞ்சின் மேலும் குனிந்தபோது அது எரிந்துகொண்டே இருந்தது.

பன்னிரண்டேகாலுக்கு டாக்டர் அறையிலிருந்து மணி அவசரமாக அடித்தது.

உள்ளே வேன்காரர் நாற்காலியில் சிலையாக உட்கார்ந்திருந்தார். சான்று வாங்க வந்தவருக்கு என்ன சொன்னார்களோ, முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். அவர் அப்படிச் செய்தால் விஷயம் நல்லதில்லை என்று அர்த்தம்.

“இவருக்கு உடனே இன்னொரு ஈசிஜி எடும்மா. இங்கேயே.”

வண்டியைத் தள்ளி வந்து எடுத்தாள். டாக்டர் புதிய படத்தையும் கோப்பில் இருந்த இரண்டு படங்களையும் அருகருகே வைத்தார்.

“முதல் படம் சரியா இருக்கு. இருபது நிமிஷம் கழிச்சு எடுத்தது இது. இந்த அலையைப் பாரு. நேரா எழும்பி இறங்கணும். இது எழும்புது, பாதியிலேயே மனசு மாறின மாதிரி கோட்டுக்குக் கீழ குப்புற விழுது. இப்ப எடுத்ததுல மறுபடி சரியா இருக்கு. இதயத்துக்கு முன்னால ஓடற பெரிய ரத்தக்குழாய் அடைபட்டு அடைபட்டுத் திறக்குதுன்னு அர்த்தம். வலி போனப்புறம்தான் இந்த அலை தெரியும். ஆள் நல்லாத்தான் இருப்பாரு, சிரிப்பாரு, நடப்பாரு. மாடிப்படி ஏறினாக்கூட எப்ப வேணா முழுசா அடைச்சுக்கும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறேன்.”

வேன்காரருக்கு அதற்குள் வீட்டிலிருந்து போன். எடுத்தார். “ஒண்ணுமில்லம்மா... வெயில்... இல்லம்மா, எனக்கு நெஞ்சு வலிக்கவே இல்ல, அதுதான் ஆபத்தாம்.” மறுபக்கத்தில் எழுந்த அழுகை அறை முழுக்கக் கேட்டது.

அக்கா அந்த நடுப் படத்தைக் கையில் எடுத்தாள். மூலையில் வேன்காரர் பெயர்தான் அச்சாகியிருந்தது. நேரம் பத்து மணி இரண்டு நிமிடம். ஆனால் அவள் வேன்காரருக்கு ஒரு படம்தானே எடுத்தாள்?

கண் தானாக முதல் மூன்று வரிகளுக்குப் போனது. முதல் வரி இரண்டு கைகளுக்கும் நடுவே உள்ளதைச் சொல்வது, நடுங்கியிருந்தது. இரண்டாவது, வலது கைக்கும் இடது காலுக்கும் நடுவே உள்ளது, கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. மூன்றாவது, இடது கைக்கும் இடது காலுக்கும் நடுவே. அது மறுபடி நடுங்கியிருந்தது. கால் ஆடியிருந்தால் இரண்டாவது வரி இப்படித் தெளிந்திருக்க முடியாது. நடுங்கிய வரிகள் இரண்டிலும் பொதுவாக இருப்பது ஒன்றே ஒன்று: மஞ்சள் கிளிப். இடது கை.

மூடியிருந்த இடது கை.

புது இயந்திரம் வந்து ஏழு மாதம் ஆகிறது. பழையதில் பெயரைப் பேனாவால் எழுத வேண்டும், தப்பே வராது. புதியதில் ஒவ்வொருவருக்கும் ‘புதிய ஆள்’ பொத்தானை அழுத்திப் பெயரைத் தட்டவேண்டும். அழுத்தாவிட்டால் முந்தியவர் பெயரையே அது பிடிவாதமாக அச்சடிக்கும். அழுத்த வேண்டிய அந்த நிமிடத்தில் அவள் போர்வை தேடிப் போயிருந்தாள்.

ஒரு கணம், ஒரே கணம், மனம் குறுக்குவழி பார்த்தது. ‘இயந்திரம் கோளாறு பண்ணிவிட்டது என்றால் யார் கேட்கப்போகிறார்கள்?’ முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆசை யாருக்குத்தான் வராது? ஆனால் இயந்திரத்தின் மேல் பழியைப் போட்டால், அது சரியா என்று பார்க்க ஒரு அரை மணி நேரம் போகும். அந்த அரை மணியில் ஒருவர் வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருப்பார்.

“டாக்டர், இது இவரோடது இல்ல. தப்பு என்னோடது.”

சொல்லி முடித்தாள். எப்படித் தெரியும் என்பதையும், மூன்று வரிகளையும் காட்டிச் சொன்னாள். டாக்டர் கண்ணாடியைக் கீழே இறக்கிப் படத்தைப் பார்த்தார். திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. “அந்த அம்மாவோட கோப்பு?” என்றார். டோக்கன் பெண் கொண்டுவந்தாள். படம் இல்லாமல் வெறும் அட்டை. பெயர், வயது, போன் எண்.

“கூப்பிடு.”

கூப்பிட்டார்கள். பக்கத்து அறையில், எவர்சில்வர் தட்டின் ஓரத்தில் யார் கண்ணிலும் படாமல் கிடந்த ஒரு போன் பாடத் தொடங்கியது.

அக்கா போய் அதை எடுத்து வந்தாள். பூட்டுப் போட்ட போன். திறக்க வழியில்லை.

“விலாசம்?”

“விலாசம் நாம கேக்கறதே இல்லையே டாக்டர்,” என்றாள் டோக்கன் பெண், அழுதுவிடுபவள் போல. “போனைத் தேடி அவங்களே வந்துட மாட்டாங்களா?”

“வரணும்னா நாலு மாடி இறங்கணும். திரும்பிப் போய் ஏறணும்,” என்றாள் அக்கா. “நாலாவது மாடின்னு சொன்னாங்க. லிஃப்ட் மூணு மாசமா ஓடலையாம். பள்ளிக்கூட மணி அங்க கேக்குமாம். வேற ஒண்ணும் தெரியாது டாக்டர். இந்த ஊர்ல எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை லிஃப்ட்...”

“ஒரு நிமிஷம்.” வேன்காரர்தான். அவரை எல்லோரும் மறந்தே போயிருந்தார்கள். “அப்ப எனக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்லையா?”

“இல்லப்பா. ரெண்டு படமும் நல்லாத்தான் இருக்கு. மன்னிச்சுக்கோ,” என்றார் டாக்டர்.

வேன்காரர் அக்காவைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் திரும்பிக்கொண்டிருந்தது. கோபம் அதற்கு முந்திக்கொண்டு வந்தது. “அரை மணி நேரம் செத்துப் பிழைச்சேன்க்கா. என் சம்சாரம் அங்க தாலாட்டா பாடிட்டிருக்கா? சின்னவளுக்கு ஆறு வயசு. அவளுக்கு யாரு சைக்கிள் கத்துக் குடுப்பாங்கங்கற வரைக்கும் நினைச்சுப் பாத்துட்டேன்.”

“தப்புதான் தம்பி. எவ்வளவு வேணா திட்டுங்க. ஆனா அப்புறம் திட்டுங்க,” என்றாள் அக்கா. கை கூப்பியிருந்ததை அவளே அறியவில்லை.

வேன்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இருந்தவர் நிறுத்தினார். “மூணு மாசமா லிஃப்ட் ஓடலையா? பச்சைக் கட்டடம்! பெரிய பள்ளிக்கூடத்துக்குப் பின்தெரு. அங்க மூணாவது மாடில இருந்து ரெட்டைப் பசங்க ரெண்டு பேரை வேற பள்ளிக்கூடத்துக்கு ஏத்தறேன். தினம் லேட்டு. கேட்டா ‘அங்கிள், லிஃப்ட் ரிப்பேர்’னு சொல்லுவானுங்க. மூணு மாசமா இதே பாட்டு. பொய்னு நினைச்சு ஒருநாள் ஏறிப் பாத்தேன், உண்மைதான்.” சாவியை எடுத்தார். “வாங்கக்கா. திட்டறதை வண்டில போறப்ப திட்டிக்கறேன்.”

டாக்டர் இழுப்பறையிலிருந்து ஆஸ்பிரின் மாத்திரைகளை எடுத்து அக்கா கையில் திணித்தார். “பாத்ததும் இதை மென்னு முழுங்கச் சொல்லு. ஒரு படிகூட ஏறவோ இறங்கவோ கூடாது. எங்க இருக்காங்களோ அங்கேயே உக்கார வை. இடம் தெரிஞ்சதும் போன் பண்ணு, ஆம்புலன்ஸ் தயாரா நிக்கும்.”

வேன் முழுக்கப் பிள்ளைகளின் ஒட்டுப் படங்கள், ஒற்றைச் செருப்பு, பென்சில் துண்டுகள். அக்கா முன் இருக்கையின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். சிக்னலில் சிவப்பு எரிந்தது. அது பச்சையாகிற வரை அவள் மூச்சுவிடவில்லை. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள், தெருவில் வண்டியா போகும்? ஒரு தள்ளுவண்டி குறுக்கே, ஒரு லாரி பின்னோக்கி. வேன்காரர் திட்டுவதாகச் சொன்னவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. மனைவிக்கு மட்டும் போன் போட்டு, “எனக்கு ஒண்ணும் இல்லையாம்... ஆமா, ஆள் மாறிப்போச்சு... சரி, சாயங்காலம் வந்து திட்டு வாங்கிக்கறேன்,” என்று வைத்தார். “‘நீங்க உருப்படியா ஒரு வியாதிகூட சொந்தமா வாங்க மாட்டீங்க’ங்கறாக்கா. அழுதுட்டே சொல்றா.”

அக்கா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. தெருமுனை திரும்பும்போது பள்ளிக்கூடத்தின் மதிய மணி அடித்தது.

பச்சைக் கட்டடத்தின் லிஃப்ட் கதவில் ‘பழுது’ என்று எழுதிய காகிதம் பழுத்துத் தொங்கியது. குழாயடி ஈரமாக இருந்தது. ஆள் இல்லை. சோப்புத் தண்ணீர் இன்னும் சாக்கடைக்குள் இறங்கி முடியவில்லை. அங்கிருந்து படிகளில் சொட்டுச் சொட்டாக ஈரம் மேலே போயிருந்தது.

அக்கா ஏறினாள். முதல் மாடிவரை சொட்டுகள் ஒரே சீராகப் போயின. அங்கே தரையில் ஒரு வட்டம், வாளியின் அடிப்பாகம் பதிந்த வட்டம். ஒரு முறை இறக்கி வைத்திருக்கிறார். அடுத்த வட்டம் பதினைந்து படி தாண்டி. அதற்கடுத்தது அங்கிருந்து ஒன்பதாவது படியில். பிறகு ஐந்தில். அதற்கப்புறம் நாலில், பெரிதாக, தண்ணீர் தேங்கி. அங்கே வெகுநேரம் நின்றிருக்கிறார். இருபத்திரண்டு வருடமாகக் கோடுகளுக்கு நடுவே இடைவெளியை எண்ணியவளுக்கு இதைப் படிக்க எந்த டாக்டரும் தேவைப்படவில்லை. படிக்கப் படிக்கக் கால்கள் தாவின. ‘கடவுளே, நீ உள்ளே இருந்து பார்த்துக்கொள், நீ உள்ளே இருந்து பார்த்துக்கொள்.’

மூன்றாவது மாடி தாண்டிய திருப்பத்தில் அந்த அம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வாளி. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. இடது கை மூடியிருந்தது.

“அட, நீங்களா?” என்றார். “போனை விட்டுட்டு வந்துட்டேன் இல்ல? அதுக்கா இவ்ளோ தூரம்? நானே வந்திருப்பேனே.”

அக்கா மாத்திரையைப் பிரித்து நீட்டினாள். “இதை மெல்லுங்க. கேள்வி அப்புறம்.”

“புளிக்குதே.”

“புளிக்கட்டும். மெல்லுங்க. நெஞ்சுல யாராவது உக்காந்திருக்காங்களா?”

“உக்காரல. பக்கத்துல வந்து நிக்கறாங்க.”

வேன்காரர் போனில் தெருப்பெயரைக் கத்திக்கொண்டே ஆம்புலன்ஸுக்கு வழிகாட்டக் கீழே ஓடினார். அக்கா படியில் உட்கார்ந்து, அந்த அம்மாளின் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்: படத்தில் என்ன இருந்தது, யார் பெயர் விழுந்தது, யாரால்.

“போர்வை எடுக்கப் போனீங்களே, அப்பவா?”

“அப்பதான். என்னை மன்னிச்சிடுங்க. ரெண்டரை மணி நேரம் வீணாப்போச்சு.”

அந்த அம்மாள் வாளியைப் பார்த்தார். “நாலு வருஷமா நான்தான் போத்திவிடறேன். எனக்கு ஒருத்தர் போத்திவிட்டு எத்தனையோ காலமாச்சு. காலைல வீட்டுக்கு வந்து ஐயாகிட்ட அதைத்தான் சொன்னேன்.” பிறகு சட்டென்று எழப் பார்த்தார். “மணி அடிச்சிடுச்சே! ஐயா பசியா இருப்பாரு.”

“அசையாதீங்க. ஆம்புலன்ஸ் வருது.”

“நான் எப்படிம்மா வருவேன்? அவரு உள்ள பூட்டியிருக்காரு. தனியா இருந்தா பயந்துக்குவாரு. ஊட்டிட்டு வரேன், பத்து நிமிஷம்.”

“நான் ஊட்டறேன்.”

“உங்களை அவருக்குத் தெரியாதே.”

“உங்களையும் நாலு வருஷத்துக்கு முன்னால தெரியாதுதானே?”

கீழே ஸ்ட்ரெச்சர் நாற்காலியின் சக்கரம் படியில் மோதும் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் அக்காவின் முகத்தையே பார்த்தார். எடை போடுகிற பார்வை. நோயாளியை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்று பார்க்கிறவர்களின் பார்வை அது. பிறகு இடது கையைத் திறந்தார். அவ்வளவு நேரம் இறுக்கியதில் சாவியின் பற்கள் உள்ளங்கையில் சிவப்பாகப் பதிந்திருந்தன.

“சோத்தை நல்லா மசிக்கணும். இடது பக்கமாத் திருப்பி, தலையணையை முதுகுக்கு முட்டுக் குடுக்கணும். ரேடியோவை நிறுத்தினா கோவம் வரும். அவ எங்கன்னு கேப்பாரு. உண்மையைச் சொல்லுங்க, ஆனா மெதுவாச் சொல்லுங்க.”

இரண்டு பேர் அவரை நாற்காலியில் கட்டி, ஒரு கண்ணாடிப் பாத்திரத்தைப் போலத் தூக்கி இறக்கினார்கள். வேன்காரர் முன்னால் நடந்து, “இந்தத் திருப்பம் குறுகல், பாத்து, பாத்து,” என்று வேன் பின்னால் எடுப்பது போலக் கையசைத்துக்கொண்டே போனார்.

கதவைத் திறந்ததும் உள்ளே ரேடியோ. பெரியவரின் கண்கள் கதவிலேயே இருந்தன. “அவ?” என்றார், குழறலாக.

“நெஞ்சைப் பாத்துக்கப் போயிருக்காங்க ஐயா. நான் அவங்களுக்கு ஈசிஜி எடுக்கற ஆள். வர வரைக்கும் இங்கதான் இருப்பேன்.”

பெரியவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “போர்வைக்காரியா?” என்றார்.

“ஆமா ஐயா.”

ஊட்டினாள். அவளுக்கு முன்பின் பழக்கமில்லை, பாதி தாடையில் வழிந்தது. பெரியவர் கோபிக்கவில்லை, பொறுத்துக்கொண்டார். மூன்று மணி ஆயிற்று, மூன்றரை ஆயிற்று. போன் வரவில்லை. அவள் சன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தாள். பள்ளி விட்ட மணி அடித்தது. கீழே வேன்காரரின் ஹாரன் கேட்டது, இரட்டைப் பிள்ளைகள் படியில் தடதடவென்று ஏறினார்கள். படித் திருப்பத்தில் விட்டுவந்த ஈரத்துணி வாளி நினைவுக்கு வந்தது. சும்மா உட்கார முடியாமல் அதைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். முதல் பத்துப் படியிலேயே மூச்சு வாங்கியது. இதைத்தான் அவர் தினமும், அடைபட்ட நெஞ்சோடு, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் தூக்கியிருக்கிறார்.

இரண்டு படுக்கை விரிப்பையும் நீல ரப்பர் விரிப்பையும் கொடியில் போட்டுக் கிளிப் மாட்டினாள். கடைசிக் கிளிப் மாட்டும்போது போன் அடித்தது. டாக்டர்.

“தொண்ணூத்தஞ்சு சதவீதம் அடைப்பு,” என்றார். “திறந்தாச்சு. கண் முழிச்சதும் முதல் கேள்வி, ‘ஐயா சாப்பிட்டாரா?’ன்னு. என்ன பதில் சொல்லட்டும்?”

“சாப்பிட்டாருன்னு சொல்லுங்க. கொஞ்சம் வழிஞ்சுடுச்சுன்னும் சொல்லுங்க.” அழுகையும் சிரிப்பும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வந்தன. “டாக்டர், நாளைக்கு என்னை...”

“நாளைக்குக் காலைல நடந்ததை எழுதிக் குடு. தப்பு தப்புதான், எழுத்துல இருக்கணும். அந்தப் பொத்தான் மேல பெருசா ஏதாவது ஒட்டு. விலாசம் கேக்கச் சொல்லி டோக்கன்லயும் சொல்லியாச்சு. சாவியைக் கையில வச்சுக்க விட்டதையும் எழுது. அதை விட்டுடாதே.”

காற்றில் விரிப்புகள் படபடத்தன. கீழே ரேடியோ நின்று போயிருந்தது. பேட்டரி தீர்ந்திருக்கும், பெரியவர் பயந்துகொள்வார். அக்கா காலி வாளியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று இறங்கினாள். பாதிப் படியில்தான் தெரிந்தது, இடது கை சாவியை இறுக்கிப் பிடித்திருந்தது. அவள் அதைத் தளர்த்தவில்லை.